பத்து எண்கள், ஒரே பெயர்

“…அதனால நான் இங்கனயே நிக்கேன். நீ உள்ள போய்ப் பாத்துட்டு வா. எனக்குத்தான் உள்ள வர அனுமதி கெடையாதுல்லாலே,” என்றார் இஞ்ஞாசி அண்ணாச்சி.

அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் நான்கு ஆடுகள் எங்கள் இருவரையும் இடித்துக்கொண்டு உள்ளே போயின.

ஸ்பேனர் கம்பெனியின் வாசலுக்குக் கதவு கிடையாது. அதைக் கழற்றிக்கொண்டு போய் இருபது வருடமாவது இருக்கும். மதிலில் மூன்று இடத்தில் லாரி நுழையுமளவுக்கு ஓட்டை. ஆடு போகலாம், நாய் போகலாம், சீட்டாடுகிறவர்கள் போகலாம். ஊரில் யார் வேண்டுமானாலும் போகலாம். போகக் கூடாதவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் வாசல் தூணில் இரும்புப் பலகையில் எழுதியிருக்கிறது.

கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து. ‘கீழ்க்கண்டவர்களை எக்காரணம் கொண்டும் உள்ளே அனுமதிக்கக் கூடாது.’ அதற்குக் கீழே ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள். ஒன்றாம் எண்ணுக்கு நேரே: ‘இஞ்ஞாசி, ஃபிட்டர், 217. திருட்டு.’ மற்ற ஒன்பது எண்களுக்கு நேரே ஒன்றுமில்லை.

கூரை போயிற்று, கதவு போயிற்று, கம்பெனியே போயிற்று. அந்த எழுத்து மட்டும் நேற்று எழுதினது மாதிரி நிற்கிறது. கப்பலுக்கு அடிக்கிற பெயின்ட். உப்புக் காற்றுக்கெல்லாம் அது அசையாது.

“கம்பெனியே இல்லையே அண்ணாச்சி, யாரு வந்து தடுக்கப் போறா?” என்றேன்.

“கம்பெனி இல்லன்னு எவன்லே சொன்னான்? போர்டு இருக்குல்லா.”

இப்படிப்பட்ட மனிதரைத்தான் எங்கள் கம்பெனி திருடன் என்றது.

போன வாரம் இதே பத்தியில் உப்பு லாரிகளைப் பற்றி எழுதியதில் எல்லாரையும் நல்லவர்களாகக் காட்டிவிட்டேன், படிக்கப் படிக்கத் தித்திக்கிறது என்று ஆலந்தலையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். இந்த வாரம் அந்தக் குறை இருக்காது.

இடிந்த சுவருக்கு வாடகை

நாங்கள் அங்கே போனதற்குக் காரணம் அண்ணாச்சியின் மகள் ஜெனிட்டாவின் கல்யாணம். காலையில் கோவிலில் திருமணம். சாயங்கால விருந்து மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. அவர்கள் பிடித்திருக்கும் மண்டபம், எங்கள் பழைய ஸ்பேனர் கம்பெனி.

உடன்குடிப் பக்கத்து வியாபாரி ஒருவர் இடத்தை வாங்கி மண்டபமாக்குகிறார். இடித்துக் கட்டுவார் என்று பார்த்தால், இடிந்திருப்பதுதான் இப்போது நாகரிகமாம். பூச்சு உதிர்ந்த சுவரை உதிர்ந்தபடியே விட்டு, மேலே கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடிக்கிறார்கள். துருப்பிடித்த சக்கரத்துக்கு விளக்கு மாட்டுகிறார்கள். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் இந்தச் சுவருக்கு ஒரு கை சுண்ணாம்பு அடியுங்கள் என்று மனு கொடுத்து மனு கொடுத்து ஓய்ந்தோம். அடிக்காமல் விட்டது எவ்வளவு பெரிய கலை என்று அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை.

பழைய எழுத்து, பழைய பலகை எதையும் தொடப் போவதில்லை என்று மாப்பிள்ளையின் அக்காள் பெருமையாகப் போனில் படம் அனுப்பியிருக்கிறாள். அதில் வாசல் தூணும் இருந்தது. நல்லவேளை, பலகையைப் படிக்க முடியாத தூரம். அன்று சாப்பாட்டைத் தள்ளி வைத்த அண்ணாச்சி வீட்டில் சொன்னது ஒன்றுதான்: கோவிலுக்கு வருவேன், மண்டபத்துக்கு வர மாட்டேன்.

ஏன் என்று மகளுக்குத் தெரியாது. அவள் பிறப்பதற்கு முந்தைய கதை. அப்பாவை ஊரே ‘ஸ்பேனர் இஞ்ஞாசி’ என்று கூப்பிடுவது, திரேஸ்புரத்தில் படகு இன்ஜின் பார்க்கிற கைராசிக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் மனைவி சிசிலிதான் என்னைத் தேடி வந்தார்.

“அண்ணே, அப்பன் இல்லாம மக விருந்துல எப்படி நிப்பா? நூறு பேரு நூறு கேள்வி கேப்பான். நீங்க அந்தக் கம்பெனில இருந்தவுகதான? அந்தப் பலகையை என்னமாச்சும் பண்ணுங்க.”

கம்பெனியில் இருந்தவன்தான். பேக்கிங் செக்‌ஷனில் பதினோரு வருடம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு மிச்சப் படிப்பைச் சொல்லித் தந்தது அங்கே பொதி சுற்ற வந்த பழைய பேப்பர்கள். ஸ்பேனரைச் சுற்றுவதற்கு முன்னால் பேப்பரைப் படித்துவிடுவேன்.

தூக்குச் சட்டியில் போன தொழிற்சாலை

கம்பெனிக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று இருந்தது. தடுக்காமல் அதைச் சொல்லத் தெரிந்தவர் மேனேஜர் ஒருவர்தான். ஸ்பேனர், சுத்தியல், உளி, அரம் எல்லாம் செய்தோம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கையில் பிடிக்கிற கொக்கிதான் எங்கள் பெருமை. சாக்கில் ஒரு குத்து, முதுகுக்கு ஒரு ஏற்று. கொக்கி இல்லாத ஆளைத் துறைமுகத்தில் ஆளாக மதிக்க மாட்டார்கள்.

பிறகு கன்டெய்னர் வந்தது. மூட்டையே கண்ணில் படாத காலத்தில் கொக்கியை எதில் மாட்டுவது? எங்கள் நிர்வாகம் இதற்கெல்லாம் அசரவில்லை. அதன் பிறகும் மூன்று வருடம் கொக்கி அடித்துக் குடோனில் குவித்தோம். இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று ஆளுக்கொரு பொட்டலம் மக்ரூன்கூடக் கொடுத்தார்கள்.

எங்கள் ஊரை முத்துநகர் என்பார்கள். முத்துக் குளித்து நான் பார்த்ததில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வாசலில் நின்றால், காலையில் லேசாகப் போன தூக்குச் சட்டிகள் கனமாகத் திரும்புவதைப் பார்க்கலாம். தொழிலாளிக்குத் தூக்குச் சட்டி. போர்மேனுக்கு ஸ்கூட்டர் டிக்கி. ஆபீசருக்கு ஜீப். கடைசிக் காலத்தில் முதலாளியின் மகன்கள் லாரியே கொண்டுவந்தார்கள். அவரவர் தகுதிக்கு ஏற்ற வாகனம்.

இதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. ‘இரவல்’ என்போம். “கம்பெனி நமக்கு அம்மா மாதிரிலே, அம்மா டப்பாவுல கை விட்டா போலீசா வரும்?” என்பார் எங்கள் போர்மேன். அவர் அம்மா மேல் ரொம்பப் பாசக்காரர். வீட்டில் ஒரு துளை போடும் மிஷினே வைத்திருந்தார்.

நானும் ஒரு சுத்தியல் இரவல் வாங்கினேன். இன்றைக்கும் என் வீட்டில் தேங்காய் உடைப்பது அதில்தான். இதைப் படித்துவிட்டு யாராவது கேஸ் போடுவதானால் போடலாம். கேஸ் போட வேண்டிய கம்பெனியைத் தேடிப் பிடிப்பது அவர்கள் பாடு.

உள்ளே கொண்டுவந்த குற்றம்

இஞ்ஞாசி அண்ணாச்சி இரவல் வாங்கியது ஒரே ஒரு முறை. மைத்துனரின் படகு இன்ஜின் நின்றுவிட்டது. பழைய சீமை இன்ஜின். அதன் நட்டுகள் பழைய அங்குல அளவு. கடையில் கிடைக்கும் ஸ்பேனர் சேராது. எங்கள் கம்பெனி ஸ்பேனர் மட்டும் சேரும். சனிக்கிழமை எடுத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் ஓடியது. திங்கட்கிழமை காலை, கம்பெனி சரித்திரத்தில் யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். ஸ்பேனரைத் துடைத்து, கிரீஸ் தடவி, திருப்பிக் கொண்டுவந்தார்.

வெளியே போகும்போதுதான் வாட்ச்மேன் தடவிப் பார்ப்பார். அதுவும் பேருக்கு. உள்ளே வருகிறவனைத் தொட மாட்டார். ஆனால் அந்த வாரம் சங்கத்துக்காரர்கள் நோட்டீஸ் கடத்துவதாக மேனேஜருக்குச் சந்தேகம். அன்றைக்குப் பார்த்து, வருகிறவர்களைச் சோதிக்கச் சொல்லிவிட்டார்.

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றோம். அண்ணாச்சிக்கு அடுத்த ஆள் நான். அவருடைய தூக்குச் சட்டியில் சோற்றுக்குக் கீழ்த் தட்டில் ஸ்பேனர்.

வாட்ச்மேனிடம் அச்சடித்த படிவம் ஒன்று இருந்தது. ‘கம்பெனிப் பொருள் தொழிலாளி வசம் பிடிபட்டது.’ பெயர், எண், பொருள் எழுத இடம் இருந்தது. போகும்போதா, வரும்போதா என்று எழுத இடமில்லை.

மேனேஜர் விசாரித்தார். “ஸ்பேனரை எதுக்கு வீட்டிலிருந்து கொண்டுவர்ற?”

“திருப்பி வைக்கத்தான் ஐயா.”

“இந்தக் கம்பெனியில இதுவரைக்கும் எவனாவது திருப்பி வச்சிருக்கானா?”

எவனும் வைத்ததில்லைதானே.

சங்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. தலைவர் வீட்டுப் பின்கட்டில், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற கம்பெனி வைஸ் ஒன்றைப் பலகையோடு முறுக்கி வைத்திருந்தார்கள். சத்தம் போட்டால் சோதனை வீடு வரைக்கும் வரும். நானும் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டில் சுத்தியல் இருந்தது.

அன்றைக்கே அண்ணாச்சியின் வேலை போயிற்று. மறுநாள் பெயின்டர் வந்து பலகை எழுதினான். பத்துப் பேராவது மாட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் பத்து எண் போடச் சொன்னார் மேனேஜர். ஒன்றுக்கு மேல் நிரம்பவில்லை. திருப்பிக் கொண்டுவருகிற ஆள் வேறு யாரும் எங்களிடம் இல்லை.

போனில் வந்த வழிகாட்டி

ஆகவே, இடத்தைப் பார்த்தாவது மனசு மாறட்டும் என்று நான் இழுத்து வந்த அண்ணாச்சி வாசலுக்கு வெளியே நிழலில் நின்றார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

“வலது பக்கம் திரும்பு. அங்கன ஒரு வேப்பங்கன்னு நிக்கும். அதைத் தாண்டினா ஃபோர்ஜ் ஷாப்.”

வேப்பங்கன்று மரமாகிக் கூரையைப் பிளந்துகொண்டு நின்றது. இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஃபோர்ஜ் ஷாப்பில் சம்மட்டி மிஷின் இருந்த இடத்தில் குழி. குழியில் மழைத் தண்ணீர். அந்த மிஷின் அடிக்கிற அடியில் ஒரு காலத்தில் கேன்டீன் டம்ளர்கள் தானாக நகரும். இப்போது ஒரு புறா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

சுவரில் ‘பாதுகாப்பே முதல் கடமை’ இன்னும் இருந்தது. அதை எழுதிய பெயின்டருக்கு வலது கையில் மூன்று விரல். மீதி இரண்டும் இங்கேதான் போயின. அதன் பக்கத்திலேயே ‘இந்த மாத விபத்து: இல்லை’ என்ற பலகை. மாதாமாதம் சாக்பீஸால் எழுதுவார்கள். அந்த ‘இல்லை’யை மட்டும் பெயின்டிலேயே எழுதிவிட்டார்கள்.

“மணம் வருதாலே?” என்றார் போனில்.

“என்ன மணம்?”

“எண்ணெயும் இரும்புத் தூளும் சேந்து ஒரு மணம் வருமே.”

ஆட்டுப் புழுக்கை மணம்தான் வந்தது. “வருது அண்ணாச்சி,” என்றேன்.

“பொய் சொல்லுதான் பாரு,” என்று அவர் அங்கே யாரிடமோ சொன்னது கேட்டது. வாசலில், மண்டபத்து வேலைச் சாமானைப் பார்த்துக்கொள்ள வைத்த கயத்தாறுப் பக்கத்துக் காவலாளி ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அவரிடமாக இருக்கும்.

மண்டபத்தை அலங்கரிக்கச் சென்னையிலிருந்து வந்திருக்கும் நிவேதா என்ற பெண் என்னோடு நடந்தாள். எதைப் பார்த்தாலும் கையை மார்பில் வைத்துக்கொள்கிற பெண். “சார், இதெல்லாம் எவ்ளோ ஆத்தென்டிக் தெரியுமா? வாசல் போர்டைப் பாத்தீங்களா? அந்த ‘திருட்டு’ன்ற எழுத்து! கெஸ்ட் எல்லாம் அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுப்பாங்க. ரெண்டுலேர்ந்து பத்து வரைக்கும் அவங்கவங்க பேரை எழுதி விளையாடலாம். சாக்பீஸ் வைக்கப் போறோம்.”

அந்த இடத்தை உண்மையாக நிரப்ப ஊரில் ஆள் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். எனக்கு விழுங்கிப் பழக்கம்.

சுவரில் வெள்ளை வெள்ளையாக

டூல் ரூமில் நீளச் சுவர் முழுக்கப் பலகை. ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்தை வெள்ளைப் பெயின்டில் வரைந்து நடுவில் ஓர் ஆணி. சாமான் ஆணியில் தொங்கினால் உருவம் மறையும். எடுத்தால் தெரியும். எது வெளியே போயிருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்.

நான் ஒரு பார்வைதான் பார்த்தேன். அத்தனை உருவமும் தெரிந்தது.

“அண்ணாச்சி, ஒண்ணுகூட இல்ல.”

“ஒண்ணுகூடவா?”

“எல்லாம் வெள்ளை வெள்ளையா வரைஞ்சது மட்டும் நிக்கு.”

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது போனிலும் நேரிலுமாக இரண்டு தடவை கேட்டது.

“சுத்தியல் வரிசையில மூணாவது?” என்றார்.

“அதுவும் இல்ல.”

“அது உன் வீட்டுலல்லாலே கெடக்கு.”

அவருக்கு முப்பது வருடமாகத் தெரிந்திருக்கிறது. என் வீட்டில் அவர் தேங்காய்ச் சில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

டூல் ரூமுக்கு அடுத்தது, ஆள் வருகையைப் பதிகிற டைம் ஆபீஸ். முதலாளியின் மகன்கள் வழக்குப் போட்டுக்கொண்டதில் அந்த அறைக்கு மட்டும் கோர்ட்டு சீல் வைத்திருந்தார்கள். கூரையைக் கழற்றியவர்கள்கூட சீலைத் தொடவில்லை. சட்டத்துக்கு எங்கள் ஊரில் அவ்வளவு மரியாதை. வழக்கு முடிந்து இப்போதுதான் திறந்திருக்கிறார்கள். நிவேதா அலமாரியிலிருந்து பழைய ஃபைல்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் ஒட்டுவதற்காம்.

கீழ்த் தட்டில் பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்று. சணல் கயிறு. அரக்கு முத்திரை. மேலே வாட்ச்மேன் கையெழுத்தில்: ‘217. சாட்சிப் பொருள்.’

கையில் வாங்கியதுமே கனம் தெரிந்தது.

அந்தக் கம்பெனி செய்த லட்சக்கணக்கான சாமான்களில் அங்கே மிச்சமிருந்தது அது ஒன்றுதான். திருடியதாகச் சொன்ன அந்த ஒன்று.

நான்கு போல்ட்

வாசலுக்கு ஓடினேன். பின்னாலேயே நிவேதாவும் வந்தாள்.

அண்ணாச்சி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. முதலில் எழுத்தைப் படித்தார். பிறகு அரக்கை நகத்தால் பெயர்த்துக் காகிதத்தை விரித்தார். ஸ்பேனர் கறுப்பாகப் பளபளத்தது. கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“துரு ஏறலை. கிரீஸ் நான் தடவுனதுல்லா.”

அப்படியே தலையைத் தூக்கித் தூணைப் பார்த்தார். பலகையின் நான்கு மூலையிலும் நான்கு போல்ட். காவலாளியின் நாற்காலியைக் கேட்டு வாங்கித் தூணோரம் போட்டார்.

“அங்கிள், வேண்டாம்! அதைக் கழட்ட வராது. தூணுக்கு வார்னிஷ் அடிக்க எங்க ஆளுங்க எல்லா ஸ்பேனரும் போட்டுப் பாத்துட்டாங்க, வழுக்குது. தொட்டா எழுத்து போயிடும். அதுதான் என்ட்ரன்ஸே,” என்றாள் நிவேதா.

“ஒங்க ஸ்பேனரு மில்லிமீட்டருமா. இது பழைய அங்குலம்,” என்று நாற்காலியில் ஏறினார்.

“சார், நீங்களாவது சொல்லுங்க. யாரோ ஒரு திருடன் பேரு, அது இருந்தா இவருக்கு என்ன?”

முப்பது வருடத்துக்கு முன்னால் இதே வாசலில் அவருக்கு அடுத்த ஆளாக நின்று நான் விழுங்கிய வார்த்தை அப்போதுதான் வந்தது. “அவர் திருடலைம்மா. திருடுனது நாங்க. அவர் திருப்பிக் கொண்டுவந்தாரு. ரெண்டாம் நம்பர்ல என் பேரை எழுதிக்கோ.”

அவள் என்னைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். கையிலிருந்த போனைத் திறந்து எதையோ தள்ளித் தள்ளித் தேடினாள். அடுத்த மாத விருந்துக்கு அவள் வரைந்து வைத்திருக்கும் வரவேற்புத் தட்டியாக இருக்க வேண்டும். மணமகள் பெயர், அதன் கீழே தகப்பனார் பெயர்.

“அங்கிள்…” என்றாள்.

மேலே ஸ்பேனர் போல்ட்டின் தலையைக் கச்சிதமாகப் பிடித்தது. அண்ணாச்சி உடம்பின் பாரத்தை அதில் கொடுத்தார். ஒரு முனகல். சுற்றியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது கழலும்போது பலகை ஒரு பக்கம் சரிந்தது. கீழே விழாமல் தாங்கிப் பிடித்தது நிவேதா. அந்தப் பெண்ணே அதைத் தரையில் குப்புறப் போட்டாள். எழுத்து மண்ணைப் பார்த்துக் கிடந்தது.

“அண்ணாச்சி, ஸ்பேனரை வீட்டுக்குக் கொண்டு போயிருங்க. மத்த எல்லாரும் கொண்டு போயாச்சு. உங்களுக்குன்னு ஒண்ணு வேண்டாமா?” என்றேன்.

“நீ சும்மா கெடலே.”

நாற்காலியிலிருந்து இறங்கினார். சட்டையின் ஓரத்தால் ஸ்பேனரைத் துடைத்தார். செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு வாசலுக்கு நேரே வந்து, உள்ளே கால் வைக்காமல் நின்றார். கயத்தாறுக்காரர் தன் நாற்காலியைத் திரும்ப எடுக்க வந்தவர், என்ன பெரியவரே என்பது போல் பார்த்தார்.

இஞ்ஞாசி அண்ணாச்சி, கையில் பிடித்த ஸ்பேனர் நன்றாகத் தெரியும்படி, சோதனைக்காக இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.